கேள்வி–பதில்: ஜார் அவிழ்த்த விலங்கும் அவர் வைத்த முத்திரையும்

சென்ற இதழில் ஒரு வாசகர், "ரஷ்யாவில் பண்ணை அடிமை முறையை ஒழித்தது யார், எப்போது?" என்று கேட்டிருந்தார். இரண்டாம் அலெக்ஸாந்தர், 1861 என்று எழுதினேன். எழுதிய கையோடு ஒரு வரி சேர்த்தேன்: "ஆனால் இந்தச் சீர்திருத்த ஜாரின் ஆட்சியில் ஒருவர் தன் திருச்சபையைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது, சில மொழிகளில் சுவிசேஷம்கூட அச்சிட முடியாது." பதிலைவிட அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. பாராட்டு கொஞ்சம், கோபம் நிறைய. இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், லால்குடி: இரண்டு கோடிப் பேருக்கு மேல் விடுதலை கொடுத்தவரைப் பற்றிப் பேசும்போது "ஆனால்" என்று இழுப்பது நியாயமா அம்மா? லிங்கனுக்கும் முன்பே செய்தவர் அல்லவா அவர்?

முன்பேதான் ஐயா, அதில் ஐயமில்லை. 1861 பிப்ரவரி 19 அன்று அவர் கையெழுத்திட்டார். லிங்கனின் பிரகடனம் 1863-ல் வந்தது. 31 ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு நடத்தியவள் நான். "விடுதலை ஜார்" என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் மனம் நிறைந்துதான் எழுதினேன். மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்ற நாட்டில் அந்த விற்பனையை நிறுத்தியது சின்னச் செயலா?

விடுதலை பெற்ற குடியானவரின் பக்கம் நின்றும் பாருங்கள். பிரகடனம் வந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் பழைய எஜமானருக்கே வேலை செய்யச் சொன்னார்கள். நிலம் சும்மா கிடைக்கவில்லை. அரசு நிலக்கிழாருக்குப் பணம் கொடுத்துவிட்டு, குடியானவரிடம் 49 ஆண்டுத் தவணையில் வட்டியோடு வசூலித்தது. அந்தக் கடனுக்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பொறுப்பில்லை, ஊர் மொத்தமும் பொறுப்பு. அதனால் ஊர்க் கூட்டுச்சபை, 'மீர்' என்பார்கள், யாரையும் லேசில் வெளியே விடாது. நகரத்துக்குப் பிழைக்கப் போக வேண்டுமானால் சபையின் சம்மதத்தோடு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். எஜமானரின் பிடி தளர்ந்தது, ஊரின் பிடி இறுகியது.

அடி உதை? 1863 ஏப்ரல் 17, ஜாரின் பிறந்தநாள். அன்று சூடு போடுவதையும், இரண்டு வரிசைச் சிப்பாய்களுக்கு நடுவே நடக்கவிட்டு அடிப்பதையும் ஒழித்தார். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் குடியானவருக்கென்று தனியாக வைத்த கிராம நீதிமன்றம் 20 பிரம்படி வரை கொடுக்கலாம் என்பது அப்படியே இருந்தது. அது போனது 1904-ல்தான். அதே குற்றத்தைப் பிரபு செய்தால் பிரம்பு கிடையாது.

கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்று ஒரு கிராமம். அங்கே எழுத்தறிந்த குடியானவர் அன்தோன் பெத்ரோவ், புதிய சட்டப் புத்தகத்தை ஊராருக்குப் படித்துச் சொன்னார். "ஜார் உண்மையிலேயே முழு விடுதலை கொடுத்துவிட்டார், பிரபுக்கள்தான் மறைக்கிறார்கள்" என்பது அவர் சொன்ன பொருள். சுற்றுவட்டாரமே அங்கே திரண்டது. 1861 ஏப்ரல் 12 அன்று ஜெனரல் அப்ராக்சின் படையோடு வந்து, பெத்ரோவை ஒப்படைக்கச் சொன்னார். கூட்டம் மறுத்தது. சுட்டார்கள், 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெத்ரோவ் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி வீட்டிலிருந்து வெளியே வந்தார். ஒரு வாரத்தில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களுக்காக கசான் மாணவர்கள் நடத்திய நினைவு வழிபாட்டில் வரலாற்றுப் பேராசிரியர் ஷாப்போவ் பேசினார். அவரைக் கைது செய்தார்கள், வேலையும் போனது.

ஜாரின் சட்டத்தை ஜார் மீது வைத்த நம்பிக்கையோடு வாசித்த குற்றத்துக்காக ஒருவர் சாகிறார். என் "ஆனால்" அங்கிருந்துதான் தொடங்குகிறது ஐயா.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: பிப்ரவரி 19 என்கிறீர்கள். இணையத்தில் மார்ச் 3 என்று இருக்கிறதே?

இரண்டும் ஒரே நாள்தான் தம்பி. அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது நம் நாள்காட்டிக்கு 12 நாள் பின்னால் ஓடியது. நான் பெரும்பாலும் பழைய தேதியையே தருகிறேன். மாறினால் சொல்லிவிடுகிறேன்.

இல்லத்தரசி, நாகர்கோவில்: ஜாரே கிறிஸ்தவர், மக்களும் கிறிஸ்தவர்கள். அப்படியிருக்க அங்கே கிறிஸ்தவர்களுக்கு என்ன மதத் தடை இருந்திருக்க முடியும்?

உங்கள் கேள்விக்குத்தான் இந்த வாரம் அதிக இடம் கொடுக்கப் போகிறேன் அம்மா. மாஸ்கோவில் நான் பார்த்த ஒரு கோவிலிலிருந்து தொடங்குகிறேன்.

1980-களில் இரண்டு ஆண்டுகள் மாஸ்கோவில் படித்தேன். நகரின் தென்கிழக்கே ரோகோஷ்ஸ்கயே என்று ஓர் இடம். 'பழைய நம்பிக்கையாளர்' என்று சொல்லப்படுகிறவர்களின் தலைமை இடம் அது. 1650-களில் பிதாப்பிதா நிகோன் வழிபாட்டு முறைகளைத் திருத்தியபோது அதை ஏற்காமல் பிரிந்தவர்கள் இவர்கள். இரண்டு விரலால் சிலுவை போடுவார்கள்; அரசுத் திருச்சபையான ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மூன்று விரலால் போடும். ஒரு விரல் வித்தியாசத்துக்கா சண்டை என்று எனக்கும் முதலில் தோன்றியது. அங்கே வாசலில் நின்ற ஒரு பாட்டி என் தலையில் துணி இல்லாததைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு முக்காட்டை எடுத்துப் போர்த்தி, தாடைக்குக் கீழே ஊசி குத்திவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து இரண்டு விரலை மட்டும் நீட்டிக் காட்டினார். "இதை மடக்கச் சொல்லித்தான் அடித்தார்கள்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது சின்ன வித்தியாசமாகத் தெரியவில்லை.

1856 ஜூலை 7 அன்று அந்த ரோகோஷ்ஸ்கயே கோவில்களின் பலிபீடங்களுக்கு அரசு முத்திரை வைத்தது. ஆர்த்தடாக்ஸ் கோவிலில் பலிபீடம் திருவுருவச் சுவருக்குப் பின்னால் இருக்கும்; அந்தச் சுவரின் கதவுகளைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டால், முன்னால் நின்று ஜெபம் சொல்லலாம், திருப்பலி நடத்த முடியாது. ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 26 அன்று, அதே மாஸ்கோவில் கிரெம்ளின் மணிகள் முழங்க அலெக்ஸாந்தர் முடிசூடினார். முடிசூட்டு வழிபாட்டை நடத்தியவர் மாஸ்கோ பேராயர் ஃபிலாரெத். பலிபீடங்களை மூடச் சொல்லி விடாமல் நெருக்கியவரும் அவரேதான். 1861 விடுதலைப் பிரகடனத்தின் வாசகத்தை எழுதிச் செப்பனிட்டவர் யார் தெரியுமா? அதே ஃபிலாரெத். கல்வியில் சிறந்தவர், வேதாகமம் ரஷ்ய மொழிக்கு வரப் பாடுபட்டவர். ஒரே மனிதருக்குள் இவ்வளவும் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

பழைய நம்பிக்கையாளர்களின் ஆயர் ஆர்க்காதி 1854-ல் பிடிபட்டவர். சூஸ்தல் மடத்துச் சிறையில் அடைத்தார்கள். பின்னால் கோனோன், கெனாதி என்று இன்னும் இரண்டு ஆயர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கிடையாது. மூவரும் வெளியே வந்தது 1881-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சீர்திருத்த ஜாரின் ஆட்சிக்காலம் முழுவதையும் ஆர்க்காதி உள்ளேயே கழித்தார்.

ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 1874-ல் பழைய நம்பிக்கையாளரின் திருமணங்களைப் பதிவுசெய்யச் சட்டம் வந்தது. அதுவரை அந்தப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியே அல்ல, பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களும் அல்ல. அது பெரிய மாற்றம். ஆனால் பதிவேடு இருந்தது காவல் நிலையத்தில். தவிர, தாங்கள் பிறப்பிலிருந்தே இந்தப் பிரிவினர், ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஒருநாளும் இருந்ததில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தொல்லைக்குப் பயந்து பாதிரியாருக்குக் கையூட்டு கொடுத்து ஆர்த்தடாக்ஸ் என்று பேர் எழுதி வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தச் சட்டத்தால் பயனில்லை.

இதற்கெல்லாம் வேர் ஒரே விதி. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குள் வரலாம், வெளியே போக முடியாது. ஞானஸ்நானம் ஒருமுறை ஆர்த்தடாக்ஸ் முறையில் நடந்துவிட்டால் சாகும்வரை அதுதான். வேறு சபைக்குப் போனவரின் சொத்து பிறர் மேற்பார்வைக்குப் போகும், பிள்ளைகளைப் பிரித்து ஆர்த்தடாக்ஸ் முறையில் வளர்ப்பார்கள். அவரை மாற்றிய போதகருக்கு நாடு கடத்தல் வரை தண்டனை உண்டு. கலப்பு மணத்தில் பிறக்கும் குழந்தைக்கும் ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம்தான். இத்தனை சீர்திருத்தம் செய்த அலெக்ஸாந்தர் இந்த விதியைத் தொடவே இல்லை.

பால்டிக் கரையில் லிவோனியா மாகாணத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 1840-களில் பஞ்சத்தில் அடிபட்ட எஸ்தோனிய, லாத்விய லுத்தரன் குடியானவர்கள் ஒரு லட்சம் பேர், ஜாரின் மதத்துக்கு வந்தால் நிலம் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிய பேச்சை நம்பி மாறினார்கள். நிலம் வரவில்லை. திரும்பிப் போகலாம் என்றால் சட்டம் விடாது. 1864-ல் ஜார் தன் மெய்க்காப்பு அதிகாரி கவுன்ட் போப்ரின்ஸ்கியை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அவர் நேர்மையான மனிதர். "இங்கே ஆர்த்தடாக்ஸ் என்று கணக்கில் இருப்பவர்களில் மனதார அப்படி இருப்பவர்கள் மிகச் சிலர், இது அதிகாரபூர்வமான ஏமாற்று" என்ற பொருளில் அறிக்கை கொடுத்தார். அதைப் படித்த ஜார் 1865-ல் கலப்பு மணக் குழந்தைகள் விஷயத்தில் அந்த மாகாணங்களில் கட்டாயம் வேண்டாம் என்றார். எப்படிச் சொன்னார்? சட்டமாக அல்ல, வெளியே தெரியாத உத்தரவாக. 1885-ல் அவர் மகன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, பறிபோனதாகச் சொல்லி வழக்குப் போடக்கூட யாரிடமும் ஒரு காகிதம் இல்லை. சலுகையாக வந்தது சலுகையாகவே போய்விட்டது.

கடைசியாக ஹெவ்ம் பகுதி, இன்றைய கிழக்குப் போலந்து. அங்கே யூனியட் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். வழிபாடு கிழக்கத்திய முறை, தலைமை ரோமில் போப். இவர்களை ஆர்த்தடாக்ஸ் ஆக்க அரசு முடிவெடுத்தது. கோவிலில் ஆர்கன் வேண்டாம், ஜெபமாலை வேண்டாம், போலிஷ் பாட்டு வேண்டாம் என்று உத்தரவுகள் வந்தன. பிராத்துலின் கிராமத்தார் புதிய பாதிரியாருக்குக் கோவிலைத் திறந்துவிட மறுத்து வாசலில் நின்றார்கள். 1874 ஜனவரி 24 அன்று (இது புதிய தேதி) படை வந்தது. ஜனங்கள் மண்டியிட்டுப் பாடினார்கள். சிப்பாய்கள் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள், எல்லோரும் உழவர்கள். ஒரு வாரத்துக்கு முன்தான் பக்கத்து திரெலூவிலும் இப்படியே 13 பேர் இறந்திருந்தார்கள். 1875-ல் அந்த மறைமாவட்டமே ஒழிந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் "தாமே விரும்பி" ஆர்த்தடாக்ஸ் ஆனதாக அரசு அறிவித்தது. 30 ஆண்டு கழித்து, 1905-ல் வெளியேறச் சட்டம் அனுமதித்ததும் அவர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கத்தோலிக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். எவ்வளவு விரும்பி மாறினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் அம்மா?

தமிழாசிரியர், விருதுநகர்: மொழியைத் தடை செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். எந்த மொழி? ஒரு மொழியை எப்படித் தடை செய்ய முடியும்?

உக்ரேனிய மொழி. அன்றைய அரசு அதை "சிறு ரஷ்யக் கிளைமொழி" என்றே சொல்லும்.

நீழின் ஊரைச் சேர்ந்த பிலிப் மொராச்செவ்ஸ்கி என்ற பழைய பள்ளி ஆய்வாளர் நான்கு சுவிசேஷங்களையும் உக்ரேனியத்தில் மொழிபெயர்த்தார். அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த அறிஞர்கள் படித்துவிட்டுப் புகழ்ந்தார்கள். சினாட் என்கிற திருச்சபை ஆட்சிக்குழு அச்சிட மறுத்தது. ரஷ்ய மொழியில் சுவிசேஷங்கள் 1860-லேயே வந்துவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். ரஷ்யக் குடியானவர் தன் மொழியில் கிறிஸ்துவின் வார்த்தையை வாசிக்கலாம், உக்ரேனியக் குடியானவர் வாசிக்கக் கூடாது.

1863 ஜூலை 18 அன்று உள்துறை அமைச்சர் வலூயெவ் தணிக்கையாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கதை, கவிதை போகட்டும். மத நூல், பாடநூல், பாமரர் படிக்கிற எந்தப் புத்தகமும் அந்த மொழியில் கூடாது என்றார். "தனியாக ஒரு சிறு ரஷ்ய மொழி இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது" என்ற வாக்கியம் அதில்தான் வருகிறது. ஒரு மொழி இல்லவே இல்லை என்று நம்புகிறவர் எதற்காக அதைத் தடுக்க உத்தரவு போட வேண்டும்? கல்வி அமைச்சர் கலோவ்னின் அப்போதே எதிர்த்தார்: புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத் தடுங்கள், எந்த மொழி என்று பார்த்துத் தடுக்காதீர்கள் என்றார். யாரும் கேட்கவில்லை.

அடுத்தது 1876. மே மாதம் ஜார் ஜெர்மனியில் எம்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் உடல்நலத்துக்காகத் தங்கியிருந்தார். அங்கே அவரிடம் ஒரு கோப்பு வந்தது, சம்மதம் சொன்னார். அதன்படி உக்ரேனியப் புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. மொழிபெயர்ப்பு கூடாது. நாடகம் கூடாது. இசைக் குறிப்புக்குக் கீழே பாட்டின் வரிகளை அச்சிடுவதுகூடக் கூடாது. ராகம் இருக்கலாம், சொல் இருக்கக் கூடாது! அதே 1876-ல்தான் முழு வேதாகமமும் ரஷ்யத்தில் வெளியானது. மொராச்செவ்ஸ்கி 1879-ல் இறந்தார். அவர் மொழிபெயர்ப்பு அச்சேறத் தொடங்கியது 1906-ல்.

லித்துவேனியருக்கு வேறு விதமான தடை. மொழி இருக்கலாம், எழுத்து மாற வேண்டும். 1865 முதல் லத்தீன் எழுத்தில் லித்துவேனியப் புத்தகம் அச்சிடக் கூடாது, ரஷ்ய எழுத்தில்தான் அச்சிட வேண்டும். ஜெபப் புத்தகத்தின் எழுத்து மாறினால் கத்தோலிக்கமும் மெல்ல மாறிவிடும் என்பது கணக்கு. ஜனங்கள் அந்தப் புத்தகங்களைத் தொட மறுத்தார்கள். ஆயர் வாலன்சியுஸ் எல்லைக்கு அப்பால் கிழக்குப் பிரஷ்யாவில் ஜெபப் புத்தகங்களை அச்சிட ஏற்பாடு செய்தார். சாக்கில் புத்தகத்தைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு இரவில் எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் 'புத்தகம் சுமப்போர்' என்று பேர். பிடிபட்டால் சைபீரியா, ஓடினால் தோட்டா. தடை நீங்கியது 1904-ல். இன்றும் மார்ச் 16-ஐ அவர்கள் நாளாக லித்துவேனியாவில் நினைவுகூர்கிறார்கள். தமிழாசிரியரான உங்களுக்கு ஒரு ஜெபப் புத்தகத்தைச் சுமந்து வந்தவரின் முதுகு எப்படி வலித்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வங்கி ஊழியர், கோவை: யூதர்களுக்கு அவர் காலம்தான் பொற்காலம் என்று படித்தேன். சரியா?

முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் நல்ல காலம். யூதச் சிறுவர்களைப் பிடித்துப் படைப்பள்ளிகளில் போடும் வழக்கத்தை முடிசூட்டு நாளிலேயே நிறுத்தினார். அதற்காக அவரை வாழ்த்திய தாய்மார்களை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனால் யூதர்கள் குடியிருக்க மேற்கு மாகாணங்களில் கோடு கிழித்து வைத்த எல்லை அப்படியே இருந்தது. யார் தாண்டலாம்? 1859-ல் பெரும் வணிகர், 1861-ல் உயர் பட்டம் பெற்றவர், 1865-ல் கைவினைஞர், 1867-ல் படையில் பணி முடித்தவர். அரசுக்குப் பயன்படுகிறவருக்குக் கதவு திறந்தது. சும்மா ஒரு மனிதராக இருப்பவருக்குத் திறக்கவில்லை. 1870 நகராட்சிச் சட்டம் மன்றங்களில் கிறிஸ்தவரல்லாதோர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. யூதர் நகரத் தலைவராகவும் முடியாது.

முஸ்லிம்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மாஸ்கோவில் 2005-ல் இந்த ஜாருக்கு வைத்த சிலையின் பீடத்தில் அவருடைய சாதனைகளைப் பொறித்திருக்கிறார்கள். அதில் ஒன்று, நெடுங்கால காகசஸ் போரை முடித்து வைத்தார் என்பது. 1864-ல் அது முடிந்த விதம், பல லட்சம் செர்க்காசிய முஸ்லிம்கள் தங்கள் மலைகளை விட்டு ஓட்டோமான் நாட்டுக்குத் துரத்தப்பட்டதுதான். வழியில் கருங்கடல் கரையில் பசியிலும் நோயிலும் மாண்டவர்கள் ஏராளம். அது பீடத்தில் இல்லை.

வழக்கறிஞர், சேலம்: 1864 நீதித்துறைச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஜூரி, திறந்த நீதிமன்றம், நீக்க முடியாத நீதிபதி எல்லாம் அவர் கொடுத்தவைதானே?

ஆம். அவர் செய்தவற்றில் மிக நேர்த்தியானது அது என்று நானும் நினைக்கிறேன். அதனால்தான் அதற்கு நேர்ந்த கதி வேதனை தருகிறது.

1877 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் நகர அதிகாரி திரேபோவ் சிறையைப் பார்வையிட வந்தபோது, போகோல்யூபோவ் என்ற அரசியல் கைதி தொப்பியை எடுக்கவில்லை. அவரைப் பிரம்பால் அடிக்கத் திரேபோவ் உத்தரவிட்டார். சில மாதம் கழித்து வேரா ஸசூலிச் என்ற 28 வயதுப் பெண் மனுக் கொடுப்பவர்போல வந்து திரேபோவைச் சுட்டார். அவர் பிழைத்துக்கொண்டார். சுட்டது குற்றம், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. 1878 மார்ச் 31 அன்று ஜூரி, குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டது. தலைமை நீதிபதி கோனி மேலிடத்து நெருக்கடிக்கு வளையவில்லை. வாசலிலேயே வேராவைத் திரும்பப் பிடிக்கப் போலீஸ் முயன்றது. கூட்டம் காப்பாற்றியது, அவர் வெளிநாடு போனார். அரசு என்ன செய்தது? மே 9 அன்று, அதிகாரிகளைத் தாக்கிய வழக்குகளை ஜூரியிடமிருந்து எடுத்துவிட்டது. ஆகஸ்டில் அவை படை நீதிமன்றத்துக்கே போயின.

அதே ஆண்டு ஜனவரியில் முடிந்த '193 பேர் வழக்கு' இன்னும் தெளிவாகக் காட்டும். கிராமங்களுக்குப் போய்ப் பிரசாரம் செய்த இளைஞர்கள் அவர்கள். நீதிமன்றம் 90 பேரை விடுவித்தது. அவர்களில் 80 பேரை நிர்வாக உத்தரவால் நாட்டின் மூலைகளுக்கு அனுப்பினார்கள். உங்கள் கட்சிக்காரரை நீதிபதி விடுவித்து, படியிறங்குவதற்குள் காவலர் வண்டியில் ஏற்றினால் நீங்கள் அதை எந்த நீதித்துறை என்பீர்கள்?

ஆய்வு மாணவி, புதுச்சேரி: இவ்வளவு செய்தவர் ஏன் அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்கவில்லை? பயமா?

பயமும் இருந்தது. 1863-ல் போலந்து கிளர்ந்தெழுந்த பிறகும், 1866-ல் கரக்கோசோவ் என்ற இளைஞர் அவரைச் சுட முயன்ற பிறகும் அரசு இறுகியது. முற்போக்கு இதழ்கள் இரண்டை ஒரே வீச்சில் மூடினார்கள். ஆனால் பயம் மட்டும் காரணம் என்றால், பயம் வருவதற்கு முன் நடந்தவற்றை எப்படிச் சொல்வது? ரோகோஷ்ஸ்கயே முத்திரை 1856. அதே ஆண்டு வார்சாவில் போலந்துப் பிரபுக்களிடம், "கனவுகள் வேண்டாம், கனவான்களே" என்றார். 1862-ல் த்வேர் மாகாணத்தில் விடுதலைச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய அலுவலர்கள் 13 பேர், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை வேண்டும் என்று சொன்னார்கள். அவருடைய சட்டத்தையே உண்மையாக நிறைவேற்றியவர்கள் அவர்கள்! பீட்டர்-பால் கோட்டையில் ஐந்து மாதம் அடைத்தார். 1865-ல் மாஸ்கோ பிரபுக்கள் அதேபோல் கேட்டபோது, சீர்திருத்தத்தைத் தொடங்கும் உரிமை தன் ஒருவருக்கே உண்டு என்று பதில் எழுதினார்.

அந்தப் பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்குகிறது மகளே. அவர் கல்நெஞ்சர் அல்ல. கேட்டுப் பெறுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. கொடுக்க மட்டுமே தெரிந்திருந்தது. 1865 பத்திரிகைச் சட்டத்தைப் பாருங்கள். தலைநகரங்களில் 160 பக்கத்துக்கு மேற்பட்ட சொந்த நூல், 320 பக்கத்துக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பு என்றால் முன்தணிக்கை இல்லை. தடித்த புத்தகம் வாங்கப் பணமும் படிக்க நேரமும் உள்ளவருக்குச் சுதந்திரம். மெல்லிய துண்டுப்பிரசுரம் படிக்கிறவருக்குத் தணிக்கை. மத நூல் என்றால் எத்தனை பக்கமானாலும் திருச்சபைத் தணிக்கை தனி. இந்த ஏற்பாட்டுக்கு "தற்காலிக விதிகள்" என்று பேர். 40 ஆண்டு நீடித்தது.

1881 மார்ச் 1 காலையில், தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் சிலரைச் சட்ட ஆலோசனையில் சேர்க்கும் உள்துறை அமைச்சர் லோரிஸ்-மெலிக்கோவின் திட்டத்துக்கு அவர் சம்மதம் சொன்னார். பிற்பகலில் பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையில் வெடிகுண்டுக்குப் பலியானார். அவர் மகன் அந்தத் திட்டத்தை ஓரங்கட்டிவிட்டார். கொன்றவர்கள் எதை வெடிக்க வைத்தார்கள் என்று நினைக்கும்போது, அவர்கள் மீதும் எனக்குக் கோபம் குறைவதில்லை.

சுற்றுலா செல்லவிருக்கும் வாசகர், ஈரோடு: அடுத்த ஆண்டு மாஸ்கோ போகிறேன். நீங்கள் சொல்லும் வரலாற்றில் ஒரே ஓர் இடம் பார்க்க வேண்டுமென்றால் எது?

சிலை நகர நடுவிலேயே இருக்கிறது, நீங்களே பார்த்துவிடுவீர்கள். நான் சொல்வது ரோகோஷ்ஸ்கயே. பெண்கள் உடன் வந்தால் தலைக்கு முக்காடு எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே படம் எடுக்காதீர்கள். அது வழிபாடு நடக்கிற கோவில்.

பழைய கோவில்களுக்குப் பக்கத்தில் உயரமான மணிக்கூண்டு ஒன்று இருக்கும். முத்திரையை அகற்றியதன் நினைவாகக் கட்டியது அது. 1905 ஏப்ரல் 16, பழைய தேதிப்படி ஈஸ்டருக்கு முந்தைய நாள், கதவுகளில் இருந்த முத்திரையை உடைத்தார்கள். மறுநாள் ஈஸ்டர் அன்று, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிலிருந்து ஒருவர் வெளியேறலாம் என்ற ஆணையும் வெளிவந்தது. 1856-லிருந்து 49 ஆண்டு. குடியானவர் நிலத்துக்குத் தவணை கட்ட விதித்திருந்த அதே 49. முத்திரை வைத்த நாளில் கைக்குழந்தையாக இருந்தவர், அன்றைக்கு முதல்முறையாகத் தன் கோவில் பலிபீடத்தைப் பார்க்கத் தலைநரைத்து நின்றிருப்பார். மணிக்கூண்டின் கீழே கொஞ்ச நேரம் நில்லுங்கள். மாலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும்போது அங்கே இருந்தால் இன்னும் நல்லது.